வேணி கை

ஜூன் 1, சனி

தையற்கடைக்குப் போனேன். பள்ளி திறக்கும் முன்பு நான்கு ஜாக்கெட் தைத்துக்கொள்வது என் வழக்கம். அளவும் மாறாது, தினுசும் மாறாது. மெஹருன்னிசா என் பக்கம் திரும்பாமலே, "அதே அரைக் கை, வட்டக் கழுத்துத்தானுங்க டீச்சர்?" என்று எழுதத் தொடங்கிவிட்டாள்.

"இல்ல மெஹரு. கை மணிக்கட்டு வரைக்கும் வேணும். கழுத்தும் மூடி இருக்கோணும்."

கோயமுத்தூர் வெயிலில் இப்படிக் கேட்பவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மகிழ்ந்துபோனாள். "அட, வேணி கை" என்றாள்.

கமலவேணியின் பெயரில் ஒரு கை இருப்பது எனக்குத் தெரியாது. அறுபதுகளில் கொடிகட்டிப் பறந்த நடிகை. கழுத்தை ஒட்டிய பட்டி, தோளில் சின்னக் கொசுவம், மணிக்கட்டில் மூன்று பொத்தான். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பெண்கள் வேர்க்க வேர்க்க அப்படித் தைத்துப் போட்டார்களாம். நடிகை காலமாகிப் பல வருடம் ஆகிறது. கை மட்டும் சாகவில்லை. அவர் யாரென்றே தெரியாத கல்லூரிப் பெண்கள் வந்து, "வேணி கை வைங்கக்கா" என்கிறார்களாம்.

"எதுக்குங்க டீச்சர் திடீர்னு?"

"வெயில்ல கை கறுத்துப்போவுது."

நான் சொன்ன பொய்களில் இது கொஞ்சம் சிரிப்பான பொய். ஏன் என்று இன்னொரு நாள் எழுதலாம்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. சரித்திர ஆசிரியை எஸ்தர் என்னைச் சுற்றி ஒரு வலம் வந்தாள். அவள்தான் எனக்கு நெருக்கம், என் தயிர்சாதத்தில் பாதி அவளுக்குத்தான் போகும்.

"பூங்கோதை டீச்சர், கமலவேணி மாதிரியே இருக்கீங்க."

நான் கமலவேணி மாதிரி இல்லை. ஐம்பத்தைந்து வயதில், மூக்குக் கண்ணாடியோடு, கழுத்து இறுகிக் கண் பிதுங்க, உறையில் திணித்த தலையணை மாதிரி இருந்தேன். ஆனால் மறுக்கவில்லை. "பழைய ஃபேஷன் எல்லாம் திரும்பி வருதில்ல" என்றேன். இருபது வருடமாக ஒரே நிறத்தில் ஆறு சேலை வைத்திருப்பவள் ஃபேஷன் பேசுகிறேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தேன். இவர் வழக்கம்போல நாற்காலியில், நாளிதழுக்குப் பின்னால் இருந்தார். மின்வாரியத்திலிருந்து மார்ச்சில் ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை. சாப்பாடு ஆச்சா, தண்ணி வந்துச்சா, மோட்டார் போட்டாச்சா. மற்றபடி அவர் அவர் அறையில், நான் முன்னறையில். குறட்டை தாங்காமல் நான் மாறிக்கொண்டேன்.

இன்று நாளிதழ் இறங்கியது.

"திரும்பு" என்றார்.

திரும்பினேன்.

"வேணி கை" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவருக்கு என் ஜாக்கெட்டின் நிறம் தெரியும் என்றுகூட நான் நினைத்ததில்லை.

ஜூன் 16, ஞாயிறு

டைரியிலும் பொய் எழுதினால் அப்புறம் எங்கேதான் நிஜம் எழுதுவது? எழுதிவிடுகிறேன்.

தை மாதத்தில் இடது முழங்கையில் அரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு என்று தேய்த்தேன், போகவில்லை. மாசியில் அது ஐந்து ரூபாய்க் காசானது. கோடை விடுமுறை வரை முந்தானையை இழுத்துப் போர்த்தியே ஒப்பேற்றினேன். இப்போது இரண்டு கைகளிலும் உலக வரைபடம். இடது கையில் ஆப்பிரிக்கா நன்றாக வந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே இலங்கை.

தோல் டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். வெண்புள்ளி. யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் இல்லை, களிம்பு பூசலாம், பரவலாம், நிற்கலாம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். நான் உயிரியல் ஆசிரியை. பதினோராம் வகுப்பில் தோலின் நிறமிகளைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவள்.

பேசுகிறவளுக்கு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டபோது ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் நானே இறங்கிவிட்டேன். அங்கிருந்து வீட்டுக்கு நடந்தேன்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொல்லிட்டேனுங்க" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

ஒரு பாவத்துக்கு ஆளாகியிருக்கிறேன். கணக்கு ஆசிரியை வேணி கையில் வந்தாள். மறுநாள் எஸ்தர். இந்த வாரம் தலைமையாசிரியையே வந்துவிட்டார். வணிகவியல் கோமதி நேற்று என்னிடம் வந்து, "உங்க டெய்லர் நம்பர் குடுங்க டீச்சர், எனக்கு அந்தக் கொசுவம் சரியா வரல" என்றாள். முந்தாநாள் வரை என் சேலைகளைப் பார்த்து உதட்டைச் சுழித்தவள்.

ஆசிரியர் அறையில் இருப்பது ஒரு மின்விசிறி. அதற்குக் கீழே பதினோரு பெண்கள் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிறார்கள். எஸ்தருக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. "ஆனாலும் கழட்ட மனசு வரல டீச்சர், கண்ணாடில பாத்தா நானே வேற ஆளாத் தெரியறேன்" என்றாள்.

ஒருத்தி ஆப்பிரிக்காவை மறைக்க, ஒரு பள்ளியே வேகிறது.

ஜூலை 7, ஞாயிறு

இவர் காலையில் கடைக்குப் போய், தேங்காயோடு ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வந்தார். பெரிய வட்டக் கண்ணாடி, கமலவேணி போட்டிருந்த தினுசு.

"சும்மா போட்டுப் பாரு."

போட்டேன். நிலைக்கண்ணாடியில் ஒரு தேனீ தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

சாப்பிடும்போது பேசத் தொடங்கினார். பாலிடெக்னிக் படிக்கையில் கமலவேணி படம் மறுபடி வெளியானால் ஒரே வாரத்தில் நாலு தரம் பார்ப்பாராம். கொண்டைக்கு மேலே ஒற்றை ரோஜாவை அந்த நடிகை வைத்தபின் ஊரில் ரோஜாச் செடி இல்லாத வீடு இல்லையாம். கல்யாணமான புதிதில் எனக்கு ஒருநாள் ரோஜா வாங்கி வந்தாராம். நான் அதை வாங்கி சாமி படத்துக்கு வைத்துவிட்டேனாம். எனக்கு நினைவே இல்லை. எதை வாங்கினாலும் சாமிக்கு வைக்கிற குடும்பத்தில் வளர்ந்தவள் நான்.

அவர் பேசியது நடிகையைப் பற்றித்தான். ஆனாலும் பேசினார். ரசம் ஆறியது. நான் சூடு பண்ண எழவில்லை.

ஜூலை 8, திங்கள்

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய், படியைக் கவனிக்காமல் தடுக்கினேன். யாரும் பார்க்கவில்லை. ஏழாம் வகுப்பு முழுவதையும் தவிர.

ஜூலை 11, வியாழன்

இலையில் பச்சையம் பற்றிய பாடம். பள்ளி முற்றத்திலிருந்து ஒரு குரோட்டன்ஸ் கிளை ஒடித்துப் போயிருந்தேன். பச்சையில் வெள்ளைத் திட்டுகள்.

"அது நோயாங்க மிஸ்?" என்றாள் ஒரு பெண்.

"இல்ல. அந்த எடத்துல பச்சையம் இல்ல, அவ்வளவுதான். செடி நல்லாத்தான் இருக்கு."

"எங்கம்மா இந்தச் செடிய நர்சரில போய் வாங்கீட்டு வந்தாங்க மிஸ். வெறும் பச்சையா இருக்கறது சும்மாவே கெடைக்குமாமா."

இதற்குமேல் பாடம் நடத்த ஓடவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 26, வெள்ளி

பள்ளிக்குப் பொன்விழா. ஆகஸ்ட் கடைசியில் கலை நிகழ்ச்சி. ஆசிரியைகள் சார்பில் என்ன செய்யலாம் என்று கேட்டதும் எஸ்தர் எழுந்து, 'கமலவேணியின் ஏழு கோலங்கள்' என்றாள். ஏழு ஆசிரியைகள், ஏழு படங்களின் உடை, மேடையில் ஒரு நடை. போட்டியாக, பரிசோடு. ஒரே கைதட்டல். இந்தத் தீயை மூட்டியவள் என்பதால் எனக்கும் ஒரு கைதட்டல்.

எனக்கு முதல் கோலம், வேணி கை, என்றுதான் இருந்தேன். எஸ்தர் படித்தாள்: "ஏழாவது கோலம், பூங்கோதை டீச்சர்."

ஏழாவது என்றால் கமலவேணியின் கடைசிக் காலம். ஊரெல்லாம் வேணி கை போட்டிருந்தபோது, திடீரென்று ஒரு படத்தில் கையே இல்லாத ஜாக்கெட்டில் வந்து நின்றார். பத்திரிகைகள் திட்டின. ஆறு மாதத்தில் கல்லூரிப் பெண்கள் அதையும் தைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு எப்படி எஸ்தர் அது?"

"உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாருங்க டீச்சர். மார்க்கெட்ல பாத்தேன். 'என்ற சம்சாரத்துக்கு அதக் குடுங்க, நல்லாருக்கும்'னு வெக்கப்பட்டுட்டே சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. இப்படி ஒரு மனுசரா."

எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறு மாதிரி.

ஜூலை 27, சனி

சண்டை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத சண்டை, ஆனாலும் எழுதுகிறேன்.

"என்னைக் கேக்காம எதுக்குங்க பேரு குடுத்தீங்க?"

"கேட்டா நீ மாட்டேன்னுவே."

"இந்த வயசுல கையில்லாம மேடைல நிக்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

"வயசு எங்க வந்துச்சு? ஊருக்கெல்லாம் ஃபேஷன் காட்டற, எனக்காகன்னு ஒண்ணு கேட்டா ஆகாது."

"உங்களுக்காகத்தான் இதப் போட்டேன்னு நெனச்சீங்களா?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. வாய்க்கு வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"நெனச்சேன்" என்றார். நாளிதழை எடுத்துக்கொண்டார். அது நேற்றைய நாளிதழ்.

ஜூலை 30, செவ்வாய்

சாப்பாடு ஆச்சா. தண்ணி வந்துச்சா. மோட்டார் போட்டாச்சா.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் இட்லிக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் குடிக்க சமையலறைக்கு வந்தார். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். உட்காரவைத்து, மெதுவாக, அறிவியல்பூர்வமாக விளக்குவதாக. நடந்தது வேறு. கையைக் கழுவிவிட்டு, மூன்று பொத்தானையும் கழற்றி, கையைத் தோள் வரை சுருட்டி, "பாருங்க" என்றேன். காய்கறிக்காரனிடம் சொத்தைக் கத்தரிக்காயைக் காட்டுகிற மாதிரி.

பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார். எழுதாமல் விட்டுவிடலாம்தான், ஆனால் போனார்.

"ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க."

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"எப்ப இருந்து?"

"தை மாசத்துல இருந்து."

தண்ணீர்ச் சொம்பை மேடையில் வைத்தார். "தை மாசந்தான நீ முன் ரூமுக்குப் போனது?"

"உங்க கொறட்டை..."

"கல்யாணமான நாள்ல இருந்து நான் கொறட்டை உட்டுட்டுத்தான் இருக்கறேன் கோதை."

அடுப்பில் இட்லித் தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரிட்டயர்டு ஆவப்போறவன், இனி வீட்டோட கெடப்பான், இவங்கிட்ட என்ன இருக்குன்னு ஒதுங்கீட்டயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். "அதான் நானும் வாயத் தொறக்கல. நாள் முச்சூடும் பேப்பரப் பாத்துட்டு ஒக்காந்துருக்கறேனே, அதுல என்ன போட்டிருக்குதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

எனக்குக் குற்றமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, இட்லி வேறு ஊற்ற வேண்டியிருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவில்லை.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒட்டாது என்று நான் சொன்னதை நம்பவில்லை, அவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருப்பார் என்று முடிவு செய்தேன். துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன். கல்லைப்போல ஆறிப்போன நாலு இட்லியை நானே தின்றேன்.

மத்தியானம் வந்தார். "டாக்டரக் கேட்டுட்டு வந்தேன். ஒட்டாதாமா."

"ஞாயித்துக்கெழமை எந்த டாக்டருங்க?"

கொஞ்சம் தயங்கினார். "எங்க ஆபீஸ் பழனியப்பன் தம்பி."

பழனியப்பனின் தம்பி மாட்டு டாக்டர்.

இத்தனை வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவளின் வார்த்தையை ஒரு கால்நடை மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். மாடுகளுக்கும் இப்படி வருமாம், பாலுக்கு ஒரு குறையும் இல்லையாம். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை, ஒரு கட்டத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. அவர் என் ஆப்பிரிக்காவின் மேல் கை வைத்தார். முதலில் விரல் நுனி, அப்புறம் முழு உள்ளங்கை.

பிறகு முன்னறைக்குப் போய் என் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசற்படியில் இடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

குறட்டை உண்மையிலேயே தாங்க முடியவில்லை. அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

"வேண்டாம்னா உட்று. எஸ்தர் டீச்சர்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று இவர் மூன்று நாளாகச் சொல்கிறார். சரி என்று சொல்ல வாயெடுக்கிறேன், சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை.

இன்று ஒத்திகையில் எஸ்தர், தான் படிக்கப்போகும் அறிமுகத்தைப் படித்துக் காட்டினாள். பழைய பத்திரிகைகளைத் தேடி எழுதியிருக்கிறாள். கமலவேணி ஏன் முழுக் கை போட்டார் என்பதற்கு ஊரில் பல கதைகள். தீக்காயம் என்பார்கள், பச்சை குத்தியிருந்தார் என்பார்கள். அவரே ஒரு பேட்டியில் சொன்னது இதுதானாம்: முதல் படத்தில் ஒரு தயாரிப்பாளர் அவர் கையைப் பார்த்து, "குச்சியில துணி சுத்தின மாதிரி இருக்கு" என்று எல்லாரும் கேட்கச் சிரித்தார். அன்றிலிருந்து முழுக் கை. "ஏழு வருசம் வேர்த்தேன். ஒருநாள் போதும்னு தோணிடுச்சு. கழட்டிட்டேன்."

ஒரு மனிதர் சிரித்ததற்கு ஒரு நாடே வேர்த்திருக்கிறது. நான் ஏதோ புதிதாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதிலும் காப்பிதான்.

ஆகஸ்ட் 17, சனி

மெஹருன்னிசாவின் கடை. "கையில்லாம ஒண்ணு" என்றேன். அளவெடுக்கத் துணித் திரைக்குப் பின்னால் போய்க் கையைக் காட்டினேன். பார்த்தாள். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள்.

"கை இல்லாததுதானேன்னு சுலபமா நெனைக்காதீங்க டீச்சர். கைக்குழி சரியா உக்காரலீன்னா அசிங்கமாப் போயிரும். நல்லாத் தூக்குங்க."

தூக்கினேன். கூச்சமாக இருந்தது.  அவள் ஒரே அளவை மூன்று தரம் எடுத்தாள்.

ஆகஸ்ட் 31, சனி

இன்று கோணல்மாணலாகத்தான் எழுத வருகிறது.

உடை மாற்றும் அறையில் சால்வையை எடுத்தேன். எஸ்தர் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். எல்லாவற்றையும் அவளிடம் நாலே வாக்கியத்தில் சொன்னேன். அவளுக்குக் கோபம். "வேர்க்குரு வந்து செத்தேன் டீச்சர். முன்னாடியே சொல்லியிருந்தா நான் அரைக் கைக்கே போயிருப்பேன்" என்றாள். பிறகு என் முந்தானையைச் சரிசெய்து, ஊக்கைக் குத்தும்போது என் தோளையும் சேர்த்துக் குத்திவிட்டாள்.  கோமதி தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவளும் வேணி கைதான் போட்டிருந்தாள்.

ஏழாவது கோலம் என்றார்கள். போனேன். கமலவேணி அந்தப் படத்தில் அன்னம் மாதிரி நடப்பார். நான் வருகைப் பதிவேட்டோடு வகுப்புக்குப் போகிற மாதிரி நடந்தேன், எனக்கு அந்த ஒரு நடைதான் தெரியும். கைதட்டல் தொடங்கி, நடுவில் தேய்ந்து, யாரோ எதையோ பேசிக்கொள்ளும் இரைச்சலாகி, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து திரும்பவும் எழும்பியது. மேடை ஓரத்தில் நின்று, சொல்லிக்கொடுத்தபடி, ஒரு கையை இடுப்பில் வைத்தேன். ஆப்பிரிக்கா விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்திருக்கும்.

நடுவராக வந்திருந்த அம்மாள் மைக்கில் கேட்டார்: "கையில என்ன மேக்கப்புங்க இது, ரொம்ப வித்தியாசமா இருக்கே?"

"மேக்கப் இல்லீங்க. தோலுங்க."

அவர் உடனே குனிந்து எதையோ எழுதினார். என்ன மதிப்பெண் என்று தெரியவில்லை. பரிசு கணக்கு ஆசிரியைக்கு. நியாயமான தீர்ப்புத்தான், அவள் நிஜமாகவே அன்னமாக நடந்தாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நேற்று விழாவில் படம் எடுக்கிறேன் என்று இவர் இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார். காலையில் காபி குடித்துக்கொண்டே அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். முதல் ஆறு கோலமும் அருமையாக வந்திருக்கின்றன. கோமதிகூட அழகாக இருக்கிறாள். ஏழாவதுக்கு மூன்று படம். ஒன்றில் மண்டபத்து மின்விசிறி. ஒன்றில் முன்சீட்டுக்காரரின் வழுக்கை. இன்னொன்றில் அவருடைய செருப்பு.

"ஏனுங்க, நான் எங்க?"

காபியை ஆற்றினார். போதுமான அளவு ஆறிய பிறகும் ஆற்றினார்.

"நீ வந்து நின்னயா, அப்ப பக்கத்து சீட்டுக்காரர் எங்கிட்டக் குனிஞ்சு, 'அந்தம்மாவுக்கு என்னாச்சுங்க?'ன்னாரு. அப்பறம் போன் எந்தப்பக்கம் திரும்புச்சுன்னே தெரியல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'அது என்ற சம்சாரமுங்க'ன்னேன்."

"அவரு அதக் கேக்கலியே."

"தெரியும்" என்றார். "எனக்கு வேற ஒண்ணும் சொல்ல வரல."